சுத்தமான திரை

அக்டோபர் 9, வியாழன்

காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை பிரிட்ஜில் ராடார் வாட்ச். குமரி முனைக்குத் தெற்கே நாற்பது மைலில் இருக்கிறோம். கொழும்பிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவன், அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஓடுகிறவன் எல்லாரும் இந்த வழியாகத்தான் முட்டி மோதிக்கொண்டு போகிறார்கள். முட்டாமல் போகிறார்கள் என்று எழுத வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பன்னிரண்டு மைல் வட்டத்துக்குள் இன்று ஒரே சமயத்தில் பதினான்கு கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திசையும் தூரமும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். திசை மாறிக்கொண்டு வந்தால் கவலையில்லை, தாண்டிப் போய்விடும். தூரம் குறைந்துகொண்டே வந்து திசை மட்டும் அப்படியே நின்றால் அவன் நேராக நம் மேல் வருகிறான். வலப்பக்கமிருந்து குறுக்கே வருகிறவனுக்கு நாம் வழிவிட வேண்டும். சீக்கிரமாக, அவன் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக வலப்பக்கம் திரும்ப வேண்டும். போர்க்கப்பல் என்பதால் நாங்கள் பெரும்பாலும் எங்கள் பெயரையும் இடத்தையும் ஒலிபரப்புவதில்லை. மற்றவர்கள் திரையில் நாங்கள் பேரில்லாத ஆள். அதனால் பார்க்கிற பொறுப்பு முழுவதும் எங்கள் தலையில்தான்.

வாட்ச் அதிகாரி லெப்டினன்ட் அனுஜ் சார். அவருக்குத் திரை சுத்தமாக இருக்க வேண்டும். அலையும் மழையும்கூட ராடாரில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளைக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. இவ்வளவு திருப்பலாம் என்று அதில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருப்பார்கள். அதற்கு மேல் திருப்பினால் திரை இன்னும் பளிச்சென்று ஆகும், பெரிய கப்பல்கள் மட்டும் நிற்கும். நான் கொஞ்சம் மேலேதான் வைப்பேன். ஒன்பது வருடமாக என் கை அளவு எனக்குத் தெரியும்.

"ரெஜின் உட்கார்ந்தா திரை கண்ணாடி மாதிரி இருக்கும்யா" என்று அனுஜ் சார் கேப்டனிடமே சொன்னார். வெளியே வலப்பக்க மேடையில் பைனாகுலரோடு நின்ற பிரதாப் கதவிடுக்கில் தலையை நீட்டி, "அப்ப நான் கீழ போய்த் தூங்கலாமா சார்?" என்றான். பிரதாப் ஒடிசாக்காரன், என் கேபினில் எனக்கு மேல் படுக்கை. முப்பத்து நாலு வயதாகிறது. அடுத்த மாதம் பதவி உயர்வு. அதற்காக இப்போதே மீசையை மாற்றி வெட்டிக்கொண்டிருக்கிறான்.

மாலையில் சட்டைப் பொத்தான் தைத்தேன். மனைவி லிஜிக்குச் செய்தி அனுப்ப சிக்னல் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

11.22க்கு மோதிவிட்டோம். எழுத வரவில்லை.

அக்டோபர் 11, சனி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். கேட்டால் சொல்ல வேண்டும்.

நேற்றுக் காலை பத்தரை வரை வெயில். பிறகு தென்மேற்கில் கறுத்துக்கொண்டு வந்தது. 11.02க்கு மழை, நல்ல மழை. கண்ணுக்கு ஐந்நூறு மீட்டர் தெரிந்தால் அதிகம். அனுஜ் சார் வேகத்தைக் குறைத்தார். ஊதல் போடச் சொன்னார். கேப்டனுக்குத் தகவல் போயிற்று. எல்லாம் முறைப்படி நடந்தது.

11.09க்கு வலப்பக்கம் ஏழு மைலில் ஒரு கண்டெய்னர் கப்பல். பெரியது. திசை எடுத்தேன். மூன்று நிமிடம் கழித்து மறுபடி எடுத்தேன். மாறவில்லை. மூன்றாம் முறையும் மாறவில்லை. சொன்னேன். வழிவிட வேண்டியவர்கள் நாங்கள். அனுஜ் சார் வலப்பக்கம் நாற்பது டிகிரி திரும்ப உத்தரவு கொடுத்தார். கப்பல் அழகாகத் திரும்பியது. கண்டெய்னர் கப்பலின் திசை மாறத் தொடங்கியதைத் திரையில் பார்த்தேன். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டது எனக்கு நினைவிருக்கிறது.

அப்போதுதான் வெளியே பிரதாப் கத்தினான். "படகு, படகு, நேர் முன்னால" என்றான். அனுஜ் சார் சுக்கானை முழுசாகத் திருப்பச் சொல்லி, எஞ்சினைப் பின்னோக்கிப் போடச் சொன்னார். மூவாயிரம் டன் கப்பல் சொன்ன இடத்தில் நிற்காது.

எனக்குத் தெரிந்தது ஒரு சத்தம் மட்டும்தான். சமையலறையில் யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டது போல. அவ்வளவுதான். என் பக்கத்தில் பாதி குடித்த டீ இருந்தது, அது தளும்பவே இல்லை. ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. நேற்றிலிருந்து நான் அந்த டம்ளரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பேர் இருந்த படகு எங்கள் அடியில் போகிறது, டீ தளும்பவில்லை.

எல்லாரும் வெளியே ஓடினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ராடாரை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. ஒரு நிமிடம் தனியாக இருந்தேன். திரையைச் சரிசெய்துவைத்தேன்.

நாங்கள் இறக்கிய ரப்பர் படகு அரை மணி நேரத்தில் ஒருவரை உயிரோடு தூக்கி வந்தது. சாயங்காலம் ஓர் உடல் கிடைத்தது. மூன்றாமவர் இல்லை. இன்று முழுவதும் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினோம். வேறு இரண்டு கப்பல்களும் ஒரு விமானமும் வந்தன. மிதந்தவற்றைப் பொறுக்கிப் பின்தளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் எண் கட்டியிருக்கிறார்கள். செருப்பு இரண்டு, தெர்மோகோல் பெட்டி, ஒரு துண்டு வலை, தண்ணீர் கேன், ஒரு நெளிந்த அலுமினியச் சமையல் பாத்திரம், எங்கள் ஊரில் சருவம் என்போம்.

உறவினர் முகம் போல இருக்கின்றன அந்தச் சாமான்கள். ஊரில் எந்த வீட்டு வாசலிலும் கிடக்கும் சாமான்கள்தான். என் வீட்டு வாசலிலும்.

அக்டோபர் 11, மாலை

பிழைத்தவர் தமிழ் தவிர வேறு பேச மாட்டார். கப்பலில் தமிழன் நான் ஒருவன்தான். கேப்டன் கூப்பிட்டு அனுப்பினார்.

மருத்துவ அறையில் கிடந்தார். பெயர் கிளீட்டஸ், நாற்பது இருக்கும். எங்கள் ஊரிலிருந்து மேற்கே மூன்றாவது ஊர். தோள் எலும்பு முறிந்திருக்கிறது, விலாவிலும் அடி. ஹெலிகாப்டரில் கரைக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்திருக்கிறார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

நான் பேசியதும் என் முகத்தையே பார்த்தார். "தம்பி, நீ கடப்பொறத்துக்காரன்தானே? பேச்சு அப்படி இருக்கு."

"ஆமா அண்ணே."

"அப்பம் இவிய கிட்ட செல்லு. நான் போவ மாட்டேன். எனக்க தம்பி பெல்சின் வெள்ளத்துல கெடக்கான். அவன் நல்லா நீந்துவான். எங்கெயாவது கேனப் பிடிச்சிட்டுக் கெடப்பான். அவனக் கூட்டிட்டுத்தான் நான் கரைக்குப் போவேன்."

சொன்னேன். கேப்டன் தலையை ஆட்டினார். தேடுகிறவரை இருக்கட்டும் என்றார். உடலாகக் கிடைத்தவர் தாசையன், இவர்கள் கூட்டாளி. அதை நான்தான் சொன்னேன். கிளீட்டஸ் அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு கேப்டன் மோதுவதற்கு முன் நடந்ததைக் கேட்கச் சொன்னார். அண்ணன் மெதுவாகச் சொன்னார். மழை பிடித்ததும் வலையை இழுக்க முடியாமல் எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறார்கள். ஊதல் கேட்டிருக்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கடைசியில் மழைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் வந்திருக்கிறது. அவ்வளவையும் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"கம்பத்துல சருவம் கெட்டியிருந்தோம் தம்பி. அலுமினியச் சருவம். அது கெட்டினா பெரிய கப்பலுக்க மிசின்ல புள்ளியாத் தெரியும்ணு எல்லாருஞ் சொன்னாவ. பெல்சின் அவனுக்க பெஞ்சாதிகிட்ட கேட்டு எடுத்துட்டு வந்தான். உச்சியில கெட்டு அண்ணாண்ணு காலத்தே ரெண்டு மட்டம் சொன்னான். நான் ஏறாம அரைக் கம்பத்துல கெட்டிட்டேன். சோம்பல்தான். தாழக் கெட்டினதுனாலதான் உங்களுக்குத் தெரியல்ல. இல்லியா? செல்லு. நான் உச்சியில கெட்டியிருந்தா அவன் இப்பம் இஞ்ச இருப்பான்."

எனக்கு அந்தச் சருவம் தெரியும். எங்கள் ஊரில் எல்லா வள்ளத்திலும் உண்டு. ஓட்டை விழுந்தது, பிடி போனது, எதுவானாலும் தூக்கி எறிய மாட்டார்கள், கம்பத்தில் ஏறிவிடும்.

"என்ன சொல்றார்?" என்று கேப்டன் கேட்டார்.

"மழையில் நமக்கு அவர்கள் படகு தெரியவில்லை என்கிறார் சார்" என்றேன்.

"இவ்வளவு நேரம் பேசினாரே?"

"தம்பியைப் பற்றிச் சொல்கிறார் சார்."

அது பொய்யில்லை. தம்பியைப் பற்றித்தான் சொன்னார்.

வெளியே வரும்போது கிளீட்டஸ் அண்ணன் கூப்பிட்டு, "சருவத்த பத்திச் சொன்னியா?" என்றார். சொன்னேன் அண்ணே என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் இரண்டு சட்டை துவைத்தேன். சாப்பாட்டுக்குப் பருப்பும் உருளைக்கிழங்கும்.

வட்ட உருவத்தில் ராடார் அலை பட்டால் நாலாபக்கமும் சிதறிவிடும், திரும்பி வருவது சொற்பம். மூலை மூலையாக மடித்த தகடானால் நன்றாகத் திரும்பும். பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். மழையில் இன்னும் மோசம். ஃபைபர் வள்ளமோ கண்ணாடி மாதிரி, ராடாருக்கு அது இல்லவே இல்லை. சருவம் தொங்கினால் சில சுற்றில் தெரியும், சில சுற்றில் தெரியாது. யார் உட்கார்ந்திருந்தாலும் தவறவிட்டிருக்கலாம். எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நான் கணக்கு ஒப்பிக்கிற பையன் மாதிரி எழுதியிருக்கிறேன்.

அனுஜ் சாரும் நானும் பிரிட்ஜில் தனியாக இருந்தபோது அவர் சொன்னார். "விசாரணை வரும். நான் திரும்பச் சொல்றதுக்கு முன்னால அந்தக் கண்டெய்னரைத் தவிர வலப்பக்கம் எப்படின்னு உன்னைக் கேட்டேன். தெளிவுன்னு சொன்னே. அதை எழுதியிருக்கேன். தப்பா நினைக்காதே, அது உண்மை."

"ஆமா சார்."

"மோதினதுக்கு அப்புறம் நான் வந்து திரையைப் பார்த்தேன். குமிழ் வெள்ளைக் கோட்டுலதான் இருந்தது. அதையும் எழுதியிருக்கேன். அதனால உனக்கு ஒண்ணும் வராது." பிறகு, "எப்பவும் கோட்டுக்கு மேலதானே வைப்பே?" என்றார்.

"மழைன்னு குறைச்சேன் சார்."

மழையில் யாரும் குறைக்க மாட்டார்கள். மழையில்தான் கூட்டுவார்கள். அது அவருக்கும் தெரியும். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் கீழே இறங்கிப் போனார்.

நான் கேபினுக்கு வந்து இந்த நோட்டை எடுத்தேன்.

பெல்சின் கிடைக்கவில்லை.

அக்டோபர் 12, பிற்பகல்

பிரதாப் சாப்பிடாமல் படுத்திருந்தான். நான் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"ராடார்ல இல்லாத படகு, கண்ணுக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். அப்படித்தானே சொல்லுவாங்க?" என்றான். "ரெஜின், நான் கண்ணை எடுக்கவே இல்ல. சத்தியமா. பைனாகுலர் கண்ணாடியை ஒரே ஒரு தடவை துடைச்சேன். மழை. துடைச்சுட்டு எடுத்தா அது முன்னால நிக்குது. அந்த ஒரு துடைப்புதான். அஞ்சு செகண்ட் இருக்குமா? அஞ்சு செகண்டுல ஒரு ஆளைக் கொன்னுட்டேனா?"

அவன் மீசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த வார்த்தையும் சொல்ல வேண்டும்.

அவனே தொடர்ந்தான். "பின்தளத்துல ஒரு பாத்திரம் வச்சிருக்காங்களே, கம்பத்துத் துண்டோட சேர்த்துக் கட்டியிருக்கு. சமையல் பாத்திரத்தை எதுக்குக் கம்பத்துல கட்டுவாங்க? உங்க ஊர்ப் பழக்கமா?"

"காயப் போட்டிருப்பாங்க" என்றேன்.

இதை எழுதும்போது எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது. காயப் போட்டிருப்பார்களாம். நடுக்கடலில்.

அக்டோபர் 13, திங்கள்

காலை ஏழு மணிக்குத் தேடலை நிறுத்தினார்கள்.

கிளீட்டஸ் அண்ணனிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். அவர் கேட்டுவிட்டு, "நாலு நாளு ஆயாச்சுல்லா" என்றார். மூன்று நாள்தான். நான் திருத்தவில்லை. பிறகு அவர், "எனக்க மயினிகிட்ட, பெல்சினுக்க பெஞ்சாதிகிட்ட, நான் எப்பிடிச் செல்லுவேன்? உனக்க சருவத்த நான் தாழக் கெட்டிட்டேன் பிள்ளேண்ணு செல்லணுமா?" என்றார். அழவில்லை. வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்க்கவில்லை. கூரையையே பார்க்கிறார், யாராவது உள்ளே வந்தால் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்க்கிறார்.

மயினி என்றாரா, பிள்ளை என்றாரா, எனக்கு இப்போது குழம்புகிறது. இரண்டும் சொன்னார். மயினி என்பது அண்ணன் மனைவியை, தம்பி மனைவியை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர் மனம் எங்கோ இருக்கிறது.

மாலையில் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டோம். சிக்னல் கிடைத்ததும் கேபினில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறின. லிஜி பதினேழு முறை கூப்பிட்டிருந்தாள்.

"இஞ்ச ஒரு ஊரும் ஒறங்கல்ல" என்றாள். "மூணு நாளா எல்லாரும் கரையிலதான் நிக்கினும். டிவியில உங்க கப்பல காட்டினாவ. உங்களுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்ல."

"பக்கத்து வீட்டு மேரிதாசி அக்கா கேட்டாவ. கப்பல்ல எல்லாம் மிசின் இருக்குமே, சருவம் கெட்டின வள்ளம் எப்பிடித் தெரியாமப் போச்சுண்ணு. நான் என்ன பதில் செல்ல? நீங்க அப்பம் டூட்டியில இருந்தியளா?"

கேட்கவில்லை, சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். அவள் மறுபடி கேட்டாள். லைன் போய்விட்டது.

லைன் போகவில்லை. நான் வைத்துவிட்டேன்.

நாளைக் காலை விசாரணை அதிகாரி கப்பலுக்கு வருகிறார். ஒரு கமாண்டர். பிரதாப் சீருடையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரே மடிப்பை நாலாவது தடவையாகத் தேய்க்கிறான். போதும் என்று சொல்லி அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கி வைத்தேன். என் சட்டையைக் கொடுத்து, இதையும் தேய் என்று சொல்ல வந்தேன், பழக்கத்தில். சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இனி இந்த நோட்டை யார் படித்தாலும் சரி.

ஒன்பது மணிக்கு கமாண்டர் வந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. பத்தரைக்கு ஆம்புலன்ஸ் படகு வந்து கிளீட்டஸ் அண்ணனைக் கொண்டுபோய்விடும், அதற்குள் அவர் வாக்குமூலம் வேண்டும் என்றார். மொழிபெயர்க்க நான்தான் இருக்கிறேன் என்று கேப்டன் சொன்னார். அன்று ராடாரில் இருந்தவனும் நான்தான் என்பதையும் சொன்னார். கமாண்டர் கொஞ்சம் யோசித்தார். "முறை இல்லைதான். கரையில் வேறு ஆளை வைத்து மறுபடி எடுப்போம். இப்போது ஒவ்வொரு சொல்லையும் அப்படியே சொல், கூட்டாதே, குறைக்காதே" என்றார்.

மருத்துவ அறையில் ஐந்து பேர். கமாண்டர், கேப்டன், டாக்டர், கட்டிலில் அண்ணன், நான். கதவு திறந்தே இருந்தது. நடைபாதையில் அனுஜ் சாரும் பிரதாப்பும் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். பிரதாப்பின் பளபளக்கும் ஷூ மட்டும் எனக்குத் தெரிந்தது.

அண்ணன் முன்பு சொன்னதையே சொன்னார். வலை, மழை, ஊதல், சுவர். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு அவர் சருவத்துக்கு வந்தார். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் சொன்னேன். எதற்காகக் கட்டுகிறார்கள் என்பதையும், தம்பி உச்சியில் கட்டச் சொன்னதையும், இவர் பாதியில் கட்டியதையும்.

கேப்டன் சட்டென்று என்னைப் பார்த்தார். "இதை அன்றைக்கு நீ சொல்லவில்லையே."

"சொல்லவில்லை சார்."

அண்ணனுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. தன் கேள்வி அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொண்டார். நல்ல கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி, சாருகிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுச் செல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கேசும் வேண்டாம். அந்தச் சருவம் உங்க மிசின்ல தெரிஞ்சுதா, தெரியல்லியா? தாழக் கெட்டினதுனால தெரியாமப் போச்சுண்ணா, அதச் செல்லட்டும். நான் கேட்டுட்டுப் போறேன்."

அதையும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். கமாண்டர் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. உன் பதிலை அவருக்குச் சொல்லிவிட்டு எனக்கும் சொல்" என்றார்.

நான் என்ன நினைத்தேன் என்று எழுத முடியவில்லை. ஒன்றும் நினைக்கவில்லை. ஒன்பது வருட வேலை, லிஜி, ஊர், ஒன்றும் வரவில்லை. அந்த டம்ளர் மட்டும் வந்தது. தளும்பாத டீ.

"தெரிஞ்சுது அண்ணே" என்றேன்.

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மழை வந்த ஒடனே திரை முழுக்கப் புள்ளி. வலப்பக்கம் ரெண்டு மைல்ல ஒரு புள்ளி மட்டும் ஒரே எடத்துல வந்து வந்து போச்சு. மழைப் புள்ளி அப்பிடி ஒரே எடத்துல நிக்காது. எனக்குத் தெரியும் அது. நானும் கடப்பொறத்துக்காரன், எனக்குத் தெரியாம இருக்குமா? ஆனா திரை அசிங்கமா இருந்துது. குமிழ முழுசும் திருப்பினேன். எல்லாம் போச்சு. அதுவும் போச்சு. வலப்பக்கம் எப்பிடிண்ணு சார் கேட்டாரு. தெளிவுண்ணு சொன்னேன். இடிச்ச பொறவு குமிழத் திருப்பிப் பழைய எடத்துல வச்சேன். யாருக்கும் தெரியாம."

அதையே திரும்பி கமாண்டருக்கும் சொன்னேன். அவருடைய பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நடைபாதையில் அந்தப் பளபளக்கும் ஷூ ஓர் அடி முன்னால் வந்தது. பிரதாப் வாசலில் நின்று என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கிளீட்டஸ் அண்ணன் என்னை அடிப்பார் என்றும் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அரைக் கம்பத்துல கெட்டினதா தெரிஞ்சுது?"

"ஆமா அண்ணே."

"எத்தற மட்டம் வந்துது?"

"மூணு மட்டம். நாலாவது மட்டம் வரதுக்குள்ள நான் திருப்பிட்டேன்."

அவர் மூன்று விரலைத் தூக்கிப் பார்த்தார். ஏதோ எண்ணிச் சரிபார்க்கிறவர் போல ஒவ்வொன்றாக மடக்கினார். உதடு கோணியது. நான்கு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். டாக்டர் ஓடி வந்து அவரைத் தாங்கினார். அழுகைக்கு நடுவில் இரண்டே வாக்கியம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

கமாண்டர் காத்திருந்தார். அறை அடங்கியதும் என்னிடம், "கடைசியாக என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"சருவம் நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு பெல்சினே. நான் கெட்டினது சரிதான்."